செக்: ஒரு சொல்லா, பல சொற்களா?

கேள்வி இதுதான்: “செக் பண்ணு என்றால் சரிபார் என்று பொருள். வங்கியில் கொடுத்தால் அது காசோலை. சட்டைத் துணியில் வந்தால் கட்டம். செஸ் ஆட்டத்தில் ராஜாவுக்கு வைப்பதும் செக். ‘எதிரணிக்கு செக் வைத்தார்’ என்று செய்தியில் படிக்கிறோம். இதெல்லாம் ஒரே சொல்லா, அல்லது ஒலி மட்டும் ஒன்றாக அமைந்துவிட்ட வேறு வேறு சொற்களா?”

ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் ஒலியும் எழுத்தும் ஒன்றாக இருந்து, சொல் வேறாக இருப்பவை நிறைய உண்டு. கிரிக்கெட் பேட்டுக்கும் வௌவாலைக் குறிக்கும் பேட்டுக்கும் எந்த உறவும் கிடையாது. இரண்டும் தனித்தனி வேரிலிருந்து வந்தவை. செக் அப்படி இல்லை. நீங்கள் சொன்ன ஐந்து பொருளும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். அந்தத் தாய் ஆங்கிலச் சொல்லும் இல்லை, ஐரோப்பியச் சொல்லும் இல்லை. பாரசீக மொழியின் ‘ஷா’ என்ற சொல் அது. பொருள் அரசன்.

சதுரங்கம் பிறந்தது இந்தியாவில். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படைக்குத்தான் சதுரங்கம் என்று பெயர். ஆட்டம் மேற்கே போனபோது பாரசீகர்கள் அதைச் சத்ரங் என்றார்கள். ஏழாம் நூற்றாண்டில் பாரசீகம் அரபியர் வசமானது. அரபியில் நம் ‘ச்ச’ ஒலியும் ‘க’வின் மெல்லிய ஒலியும் இல்லாததால் சத்ரங் அவர்கள் வாயில் ஷத்ரஞ்ச் ஆயிற்று. ஆட்டத்தின் பெயர் இப்படிப் பயணம் செய்ய, ஆட்டத்துக்குள் ஒலித்த ஒரு குரலும் கூடவே புறப்பட்டது. எதிராளியின் அரசனைத் தாக்கும் இடத்தில் காயை வைத்தால் “ஷா!” என்று சொல்லி எச்சரிக்க வேண்டும். “உன் ராஜாவைப் பார், ஆபத்து” என்று அர்த்தம். அதைக் கேட்டதும் எதிராளி தன் திட்டத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் அரசனைக் காப்பாற்றியாக வேண்டும். வேறு எந்தக் காயையும் இஷ்டத்துக்கு நகர்த்த முடியாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு வந்த பொருள்கள் எல்லாவற்றுக்கும் இதுதான் ஊற்று.

ஷா என்ற சொல்லே ஒரு நீண்ட சொல்லின் தேய்ந்த வடிவம். கி.மு. 520ஐ ஒட்டி, பேரரசன் டாரியஸ் பெஹிஸ்தூன் மலைப் பாறையில் வெட்டிய கல்வெட்டில் தன்னைக் ‘க்ஷாயதிய’ என்று அழைத்துக்கொள்கிறான். அரசன் என்று பொருள். ஆளுகை, அதிகாரம் என்று பொருள் தரும் ஒரு பழைய வேரிலிருந்து வந்தது அது. வடமொழியின் க்ஷத்ரம் என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். நாம் சத்திரியன் என்று எழுதுகிறோமே, அதன் அடி அதுவே. ஆகவே செக்கும் சத்திரியனும் தூரத்து உறவு. சொல்லாராய்ச்சியில் இப்படிப்பட்ட உறவுகளைக் கேட்டதும் சந்தேகப்படுவது நல்லது. இது ஒலி மாற்ற விதிகளோடு பொருந்தி வரும் உறவு என்பதால் தயங்காமல் சொல்கிறேன்.

சரி, ‘ஷா’ எப்படிச் ‘செக்’ ஆயிற்று? இந்தப் பாதை தமிழ் பேசுகிறவர்களுக்கு எளிதில் பிடிபடும். இலத்தீனில் ‘ஷ’ ஒலி இல்லை. ஆகவே ஷா என்பதை ‘ஸ்கா’ என்று தொடங்கி எழுதினார்கள். கடைசியில் இருந்த மூச்சொலி ‘க்’ என்று இறுகியது. இப்படி உருவானது ‘ஸ்கக்குஸ்’. சுமார் 1000ஆம் ஆண்டிலேயே, இன்றைய சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் மடத்தில், இந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு இலத்தீன் கவிதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது பழைய பிரெஞ்சு. சொல்லின் தொடக்கத்தில் ‘ஸ்க’, ‘ஸ்த’ என்று மெய்கள் சேர்ந்து வந்தால் அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாவுக்குச் சிரமம். முன்னால் ஒரு ‘எ’ சேர்த்துக்கொள்வார்கள். நாம் ஸ்கூலை இஸ்கூல் என்றும் ஸ்டூலை இஸ்டூல் என்றும் சொல்கிறோமே, அதே வேலைதான். ஸ்கக்குஸ் இப்படி ‘எஸ்செக்’ ஆனது. பன்மையில் ‘எஸ்செஸ்’. ஆங்கிலேயர்கள் இதைக் கடன் வாங்கியபோது முன்னால் இருந்த ‘எஸ்’ஸை உதறிவிட்டார்கள். ஒருமை செக் ஆயிற்று, பன்மை செஸ் ஆயிற்று. செஸ் என்ற சொல்லே செக்கின் பன்மைதான் என்பதை ஒரு நிமிடம் நின்று யோசித்துப் பாருங்கள். ஆட்டத்தின் பெயருக்கு ‘அரசர்கள்’ என்றுதான் பொருள். ஸ்பானியரோ ஷத்ரஞ்ச் வழியாக வந்த பெயரையே ஆட்டத்துக்கு வைத்துக்கொண்டு ‘அஹெத்ரேஸ்’ என்கிறார்கள். நம் சதுரங்கம் அந்த மொழியில் தங்கியது, ஆங்கிலத்தில் தங்கவில்லை.

செக்மேட் என்பதில் உள்ள ‘மேட்’டை ஆங்கிலத்தில் நண்பனைக் குறிக்கும் மேட் என்று நினைத்துவிடக் கூடாது. பாரசீகத்தில் ‘ஷா மாத்’. அரபியில் ‘மாத’ என்றால் இறந்தான் என்று பொருள் வருவதால் ‘அரசன் இறந்தான்’ என்று பலர் விளக்குவார்கள். பாரசீகத்தில் ‘மாத்’ என்றால் செய்வதறியாது திகைத்தவன், வழியற்றவன். எனக்கு இந்த விளக்கமே சரியாகப் படுகிறது. சதுரங்கத்தில் அரசனை யாரும் வெட்டுவதில்லை. அவனுக்குப் போக வழி இல்லாத நிலையில் ஆட்டம் முடிகிறது. திகைத்து நிற்கும் அரசன்தான் ஆட்டத்தின் கடைசிக் காட்சி.

இப்போது பொருள் வளர்ந்த கதைக்கு வருகிறேன். முதலில் அரசனுக்கு வரும் மிரட்டல். அந்த மிரட்டல் வந்தவுடன் எதிராளியின் ஓட்டம் தடைப்படுகிறது. ஆகவே செக் என்றால் தடை, திடீர் நிறுத்தம். பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலத்தில் இந்தப் பொருள் வந்துவிட்டது. பின்னர் அடக்குதல், கட்டுக்குள் வைத்தல். ஒரு நோய் பரவாமல் தடுத்தால் அதை ‘செக்’ செய்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். ஐஸ் ஹாக்கியில் எதிராளியை உடம்பால் மோதி நிறுத்துவதற்கு இன்றும் செக் என்றுதான் பெயர். அரசின் ஓர் உறுப்பு இன்னொன்றைக் கட்டுப்படுத்தும்படி 1787இல் அமெரிக்க அரசமைப்பை வகுத்தபோது, அந்த ஏற்பாட்டைச் சொல்லவும் செக் என்ற சொல்லே கைகொடுத்தது. அங்கே அதன் பொருள் தடை, கடிவாளம். அந்த ஏற்பாட்டின் ஆங்கிலப் பெயரை ‘சோதனைகளும் சமநிலைகளும்’ என்று சில மொழிபெயர்ப்புகளில் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. கருத்தே தலைகீழாகிவிடுகிறது.

இதே தவறு கதைகளிலும் நடக்கும். ஓர் ஆங்கில நாவலில் ஒருவன் கோபமாக ஏதோ சொல்ல வாயெடுக்கிறான். பாதியில் தன்னையே ‘செக்’ செய்துகொள்கிறான் என்று ஆசிரியர் எழுதியிருப்பார். தமிழில் ‘தன்னைச் சோதித்துப் பார்த்துக்கொண்டான்’ என்று வரும். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டான், தன்னை அடக்கிக்கொண்டான் என்பதுதான் அங்கே பொருள். மொழிபெயர்ப்புகளைத் திருத்தும் வேலையில் இந்த ஒரு வாக்கியத்தைப் பல வடிவங்களில் சந்தித்திருக்கிறேன். நமக்குப் பழக்கமான பொருள் சரிபார்ப்பது ஒன்றே என்பதால் கை தானாக அங்கே போய்விடுகிறது.

தடுப்பது எப்படிச் சரிபார்ப்பது ஆயிற்று என்பதுதான் இந்தச் சொல்லின் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு இங்கிலாந்தின் பழைய கணக்கு மேசை ஒன்றைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதலாம் ஹென்றி மன்னன் காலத்தில், அரசின் வரவுகளைத் தணிக்கை செய்ய ஒரு சபை உருவானது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மன்னனுக்காக வசூல் செய்யும் ஷெரிஃப் என்ற அதிகாரி ஆண்டுக்கு இருமுறை அங்கே வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். அந்தச் சபையில் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் அதன் நடைமுறையைக் கேள்வி பதில் வடிவில் இலத்தீனில் எழுதி வைத்தார். அந்த நூலின் புண்ணியத்தில் மேசையின் அளவுகூட நமக்குத் தெரியும்: நீளம் சுமார் பத்து அடி, அகலம் ஐந்து அடி. மேலே வைத்தது கீழே விழாதபடி சுற்றிலும் நான்கு விரல் உயரத்துக்கு ஒரு விளிம்பு. மேசைமேல் கறுப்புத் துணி. ஓர் அடி அல்லது விரித்த கை அளவு இடைவெளியில் துணியில் கோடுகள். ஒரு பத்திக்குப் பென்ஸ், அடுத்ததற்கு ஷில்லிங், அடுத்ததற்குப் பவுண்டு, அதற்கப்பால் இருபதுகள், நூறுகள், ஆயிரங்கள்.

ஷெரிஃப் கட்ட வேண்டிய தொகையைக் குறிக்கும் வட்டுகளை மேலே அடுக்குவார்கள். அவன் கட்டியதைக் குறிக்கும் வட்டுகளைக் கீழே அடுக்குவார்கள். மேலே உள்ளதிலிருந்து கீழே உள்ளதைக் கழித்தால் பாக்கி கண்முன்னே நிற்கும். பன்னிரண்டு பென்ஸ் ஒரு ஷில்லிங், இருபது ஷில்லிங் ஒரு பவுண்டு என்றிருந்த காலம். பூச்சியம் இல்லாத ரோமன் எண்களில் எழுதிக் கழிப்பது பெரும் பாடு. எழுத்து தெரியாதவன்கூட வட்டுகளைப் பார்த்தால் தான் எவ்வளவு தர வேண்டும் என்று புரிந்துகொள்வான். சதுரங்கப் பலகையைப் போல இருந்ததால் இந்த மேசைக்கு ஸ்கக்காரியம் என்று பெயர். சதுரங்கப் பலகை என்பதே அந்தச் சொல்லின் பொருள். ஃபிட்ஸ்நீல் இன்னொரு காரணமும் சொல்கிறார். சதுரங்கத்தில் இரண்டு அரசர்கள் மோதுவதுபோல இந்த மேசையில் பொருளாளரும் ஷெரிஃபும் எதிரெதிரே உட்கார்ந்து மோதுகிறார்கள் என்கிறார். கணக்குத் தணிக்கையை ஒரு சதுரங்கப் போராகக் கண்ட அந்தக் கண் எனக்கு எப்போதும் வியப்பு.

இலத்தீனின் ஸ்கக்காரியம் பிரெஞ்சில் எஸ்செக்கர் ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. அந்த ‘எஸ்’ஸில் உள்ள ‘எ’ வாய் வசதிக்காகச் சேர்ந்தது என்று மேலே சொன்னேன். பிற்காலத்துப் படித்தவர்கள் அந்த ‘எஸ்’ஸை இலத்தீனின் ‘எக்ஸ்’ என்ற முன்னொட்டு என்று தவறாக எண்ணி, திருத்துவதாக நினைத்து எக்ஸ் போட்டுவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் எக்ஸ்செக்கர். இன்றும் பிரிட்டனின் நிதி அமைச்சருக்குச் சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர் என்று பெயர். இஸ்கூல் என்பதில் உள்ள ‘இ’யை யாரோ ஒரு பண்டிதர் தனிச்சொல் என்று நினைத்து இலக்கணம் எழுதினால் எப்படி இருக்கும், அதுதான் நடந்தது.

அதே சபையில் பணம் கட்டியதற்கு ரசீதாக ஒரு குச்சி கொடுத்தார்கள். தொகைக்கு ஏற்ப அதில் வெட்டுகள் இருக்கும். ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம், ஒரு பவுண்டுக்குப் பருத்த பார்லி மணி அளவு. பிறகு குச்சியை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைக் கட்டியவனிடம் கொடுத்து, மறுபாதியைக் கஜானாவில் வைத்துக்கொள்வார்கள். நாளைக்கு யாராவது தன் பாதியில் ஒரு வெட்டைக் கூட்டிக்கொண்டு வந்தால், இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் திருட்டு அம்பலமாகும். இந்தக் குச்சிகள் வழக்கொழிந்து குவிந்து கிடந்தபோது, 1834 அக்டோபர் 16 அன்று லண்டன் நாடாளுமன்றக் கட்டடத்தின் அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். சூடு மிஞ்சிக் கட்டடத்தின் பெரும்பகுதியே எரிந்துபோனது.

குச்சி போய்க் காகிதம் வந்த பிறகும் முறை அதேதான். ஒரு பகுதியைக் கிழித்துக் கொடு, ஒரு பகுதியை வைத்துக்கொள். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் எக்ஸ்செக்கர் கடன் பத்திரங்களை வெளியிட்டது. அவற்றின் அடிக்கட்டைக்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செக் என்று பெயர் வழங்கியது. மோசடிக்குத் தடை என்பதால் செக். ஒட்டிப் பார்த்தால் உண்மை தெரியும் என்பதால் அது சரிபார்ப்பும்கூட. தடுப்பதும் சரிபார்ப்பதும் ஒன்றாகக் கலந்த இடம் இதுதான். கணக்கு உலகில் இரண்டும் பிரிக்க முடியாதவை. ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் திருட்டுக்கான தடை. ‘ஒப்பிட்டுப் பார்’ என்ற வினைப்பொருள் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் கிடைக்கிறது. கன்ட்ரோல் என்ற சொல்லும் இதே வழியில் வந்ததுதான். எதிர்ச்சுருள், அதாவது மூலக் கணக்கோடு ஒப்பிட வைத்திருக்கும் நகல் சுருள் என்பது அதன் அடிப்பொருள். ஆங்கிலத்தில் அது கட்டுப்படுத்துவது ஆயிற்று. பிரெஞ்சில் அதே சொல்லுக்கு இன்றும் சரிபார்ப்பது என்ற பொருள் வலுவாக இருக்கிறது.

வங்கிச் செக்கின் கதையும் இங்கேதான் முடிச்சு அவிழ்கிறது. ‘இன்னாருக்கு இவ்வளவு கொடுக்கவும்’ என்று பணம் வைத்திருப்பவருக்கு எழுதும் சீட்டு பதினேழாம் நூற்றாண்டிலேயே லண்டனில் புழக்கத்தில் இருந்தது. அதற்குச் செக் என்ற பெயர் அப்போது இல்லை. அடிக்கட்டையோடு கூடிய அச்சிட்ட தாள்கள் வந்தபோது, முதலில் அடிக்கட்டைக்குத்தான் செக் என்று பெயர். பிறகு அடிக்கட்டையுள்ள தாளுக்கு, கடைசியில் கிழித்துக் கொடுக்கும் சீட்டுக்கே அந்தப் பெயர் போய்ச் சேர்ந்தது. ஒரு செக் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். நாம் கையெழுத்திட்டுக் கிழித்துக் கொடுப்பதைச் செக் என்கிறோம். சொல்லின் வரலாற்றுப்படி, புத்தகத்தோடு நம்மிடமே தங்கிவிடும் அந்தச் சிறு துண்டுதான் செக்.

எழுத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கர் காசோலைக்கும் சி, எச், இ, சி, கே என்றே எழுதுகிறார்கள். அதுதான் பழைய எழுத்து. கியூ போட்டு எழுதுவது பிரிட்டனில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிலைபெற்றது. ஜேம்ஸ் வில்லியம் கில்பார்ட் என்ற வங்கியாளர் 1828இல் எழுதிய வங்கித்தொழில் நூலில், குழப்பம் வராமலிருக்கவும் எக்ஸ்செக்கரோடு ஒத்துப்போகவும் கியூ எழுத்தைத் தேர்ந்தெடுத்ததாகக் காரணம் சொல்லியிருக்கிறார். எழுத்து மாறியதால் இரண்டும் வேறு சொற்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. உடை மாற்றிக்கொண்ட அதே ஆள்தான்.

துணிக் கட்டத்துக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. சதுரங்கப் பலகைக்கு ஆங்கிலத்தில் செக்கர் என்று ஒரு பெயர். அந்த மாதிரிக் கட்டங்களுக்கும் செக்கர் என்றார்கள், அது சுருங்கிச் செக் ஆயிற்று. போர்த்துகீசிய மொழியில் ‘ஷத்ரேஸ்’ என்ற ஒரே சொல் செஸ்ஸையும் கட்டம் போட்ட துணியையும் குறிக்கிறது. பேச்சு வழக்கில் கம்பி போட்ட சிறையையும் குறிக்கிறது.

மற்றவை எல்லாம் கிளைகள். சரிபார்த்ததற்கு அடையாளமாகப் போடும் குறியை அமெரிக்கர் செக் என்பார்கள், பிரிட்டிஷார் டிக் என்பார்கள். பொருளை ஒப்படைத்துவிட்டு வாங்கும் அடையாள வில்லையும் செக். பிறகு வந்து காட்டினால் ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்பித் தருவார்கள். மழையால் பேஸ்பால் ஆட்டம் நின்றுபோனால் இன்னொரு நாள் வந்து பார்க்க உதவும் டிக்கெட் துண்டுக்கு 1880களில் அமெரிக்காவில் ‘மழைச் செக்’ என்று பெயர் வந்தது. இன்று ஒரு அழைப்பைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளிவைக்க அதைச் சொல்கிறார்கள். அமெரிக்க உணவகத்தில் பில்லுக்கும் செக் என்றுதான் பெயர்.

தமிழில் நாம் இந்தச் சொல்லைக் கையாளும் விதம் எனக்கு நிறைவு தருகிறது. துணைவினையை மாற்றிப் பொருளைப் பிரித்துவிட்டோம். ‘செக் பண்ணு’ என்றால் சரிபார். ‘செக் போட்டுக் கொடு’ என்றால் காசோலை. ‘செக் வைத்தான்’ என்றால் மடக்கினான், முட்டுக்கட்டை போட்டான். இந்த மூன்றில் மிகப் பழைய பொருள் ‘செக் வைத்தான்’ என்பதில்தான் இருக்கிறது. பாரசீக ஆட்டக்காரன் “ஷா!” என்று சொன்னபோது செய்த அதே செயல். செக் போஸ்ட் என்பதில் இரண்டு பொருளும் சேர்ந்திருக்கின்றன: வண்டியை நிறுத்துகிறார்கள், பிறகு சோதிக்கிறார்கள். நிறுத்தாமல் சோதிக்க முடியாது என்பதால் எது எந்தப் பொருள் என்று யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பழைய கணக்கு மேசையிலும் இப்படித்தான் ஒன்றிலிருந்து இன்னொன்று பிறந்தது.

கடைசியாக, உறவு இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். செக் குடியரசுக்கும் இந்தச் சொல்லுக்கும் தொடர்பு இல்லை. அது ஸ்லாவிய மக்கள் தங்களை அழைத்துக்கொண்ட பெயர். அரபியின் ஷேக், ஷாவின் மாற்று வடிவம் இல்லை. முதியவர், பெரியவர் என்று பொருள்படும் தனிச்சொல் அது. எண்ணெய் ஆட்டும் செக்கு நம் சொந்தச் சொல். இந்த அரசனைச் சந்தித்ததே இல்லை.